எக்ஸ்பல்ஸில் எதை மாற்றினேன், எதை விட்டேன்

ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி மோட்டார் சைக்கிளை எடுத்து வந்து வாசலில் நிறுத்திய அன்று மாலையே, அதில் என்னென்ன பூட்ட வேண்டும் என்ற பட்டியல் நண்பர்களிடமிருந்து கைப்பேசிக்கு வந்து சேர்ந்துவிட்டது. கிராஷ் கார்டு என்னும் எஞ்சின் காப்புக் கம்பி, ஹேண்ட் கார்டு என்னும் கைக்காப்பு, துணை விளக்கு, மூன்று பெட்டிகள், உயரமான முன்கண்ணாடி, வேறு சைலன்சர் என்று நீண்ட அந்தப் பட்டியலுக்கு நான் கூட்டிப் பார்த்த தொகை ஐம்பதாயிரம் ரூபாயைத் தாண்டியது. முதல் ஆயிரம் கிலோமீட்டர் வரை ஒரு பொருளும் வாங்குவதில்லை என்று அன்றே முடிவு செய்து, பத்து ரூபாய்க்கு ஒரு சிறு குறிப்பேடு மட்டும் வாங்கினேன். எந்த இடத்தில் கை வலித்தது, எங்கே சக்கரம் வழுக்கியது, எது எதில் தட்டியது என்பதை ஊர் திரும்பியதும் அதில் எழுதி வைப்பது என்பது ஏற்பாடு. இந்த வண்டியில் நான் செலவழித்த பணத்தில் மிக நன்றாகச் செலவானது அந்தப் பத்து ரூபாய்தான்.

தார்ச் சாலைக்கும் மண் பாதைக்கும் பொதுவாகச் செய்யப்படும் வண்டிக்கு எது அடிப்படையோ, அது இதில் தொழிற்சாலையிலிருந்தே வந்துவிடுகிறது. முன்னால் 21 அங்குலமும் பின்னால் 18 அங்குலமும் உள்ள கம்பிச் சக்கரங்கள், முன்பக்கம் 190 மி.மீ., பின்பக்கம் 170 மி.மீ. அமுங்கி எழும் சஸ்பென்ஷன், தரையிலிருந்து 220 மி.மீ. இடைவெளி, 825 மி.மீ. இருக்கை உயரம், எஞ்சினுக்கு அடியில் ஓர் உலோகத் தட்டு ஆகியவை அவை. எஞ்சின் 200 சி.சி.க்குச் சற்றே குறைவு. திறன் 19 குதிரைத்திறன் சொச்சம். எடை ஏறத்தாழ 160 கிலோ. நண்பர்களின் பட்டியலைப் படிக்கும்போது என் மனத்தில் நின்றது இந்தக் கடைசிக் கணக்குதான். இரும்புக் காப்புக் கம்பி, பெட்டிகளைத் தாங்கும் சட்டம், பெட்டிகள் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தால் 15 கிலோவை எளிதில் எட்டிவிடலாம். அது வண்டியின் எடையில் பத்தில் ஒரு பங்கு. சேற்றில் சாய்ந்து கிடக்கும் வண்டியைத் தனி ஆளாக ஒருமுறை நிமிர்த்திப் பார்த்தவருக்கு அந்தப் பத்தில் ஒரு பங்கு என்னவென்று விளங்கும்.

குறிப்பேட்டில் முதலில் ஏறியது இடுப்பு வலி. கரடுமுரடான பாதையில் ஃபுட்ரெஸ்டின் மேல் எழுந்து நின்று ஓட்டும்போது ஹேண்டில்பார் எனக்குத் தாழ்வாக இருந்தது. குனிந்து குனிந்து முதுகு கூனியது. ரைசர் என்று கடையில் விற்கும் உயர்த்திக் கட்டையை வாங்கிப் போடுவதற்கு முன், செலவில்லாத ஒரு வேலையைச் செய்து பார்த்தேன். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் நான்கு போல்ட்டுகளையும் தளர்த்தி, பாரைச் சற்று முன்பக்கமாகச் சுழற்றி இறுக்கினேன். பிறகு ஃபுட்ரெஸ்டில் ஏறி நின்று, கண்ணை மூடிக்கொண்டு கைகளை இயல்பாக நீட்டி, விரல்கள் விழும் இடத்திற்குக் கிளட்ச் லீவரையும் பிரேக் லீவரையும் இறக்கி வைத்தேன். உட்கார்ந்து ஓட்டுவதற்கு வசதியாக வைத்த லீவர், எழுந்து நின்றால் மணிக்கட்டை மேல்நோக்கி மடக்கும். நான் இரண்டுக்கும் நடுவில் ஓர் இடத்தைத் தேர்ந்தேன். வலியில் பாதி அதிலேயே போய்விட்டது. மீதிப் பாதிக்குத்தான் 25 மி.மீ. ரைசர் போட்டேன். ரைசர் போடுகிறவர்கள், ஹேண்டில்பாரை இரு கோடிகளுக்கும் முழுமையாகத் திருப்பி, கிளட்ச் கேபிளும் ஆக்சிலரேட்டர் கேபிளும் பிரேக் குழாயும் விறைத்து இழுபடுகின்றனவா என்று அவசியம் பார்க்க வேண்டும். எஞ்சினை ஓடவிட்டுத் திருப்பும்போது சத்தம் தானாக ஏறினால் கேபிள் இழுபடுகிறது என்று பொருள். அந்த நிலையில் வண்டியைத் தெருவுக்கே எடுக்கக் கூடாது.

இரண்டாவது குறிப்பைக் கல்வராயன் மலை எழுதித் தந்தது. கருமந்துறையைத் தாண்டி ஒரு செம்மண் பாதையில், முந்தைய இரவு பெய்த மழை காயாத ஒரு சரிவில், மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் வேகம்கூட இருக்காது, முன்சக்கரம் தனியே போய் வண்டி இடப்பக்கம் படுத்துவிட்டது. எனக்கு முழங்கை சிராய்ப்போடு போயிற்று. கிளட்ச் லீவரின் நுனி முறிந்து பாதி மட்டும் மிஞ்சியது. அந்தப் பாதியை இரண்டு விரல்களால் அமுக்கிக்கொண்டே பேளூர் வழியாக வாழப்பாடி வந்து சேர்ந்தேன். அங்கே ஒரு பட்டறைக்காரர் புது லீவரைப் போட்டுவிட்டு, அது பாரில் அமரும் இடத்தில், குழாய் வேலைக்குப் பயன்படுத்தும் வெள்ளை டெஃப்லான் நாடாவை நான்கு சுற்றுச் சுற்றினார். போல்ட்டையும் முழு மூச்சாக இறுக்கவில்லை. கையால் ஓங்கித் தட்டினால் லீவர் திரும்பும், சாதாரணமாக ஓட்டும்போது அசையாது என்ற அளவில் நிறுத்தினார். நான் ஏன் என்று கேட்பதற்குள் அவரே சொன்னார்: "தம்பி, இந்த மாதிரி வண்டி விழத்தான் செய்யுங்க. இறுக்கி வெச்சா லீவர் ஒடியும், விட்டு வெச்சா திரும்பிக்கும். அவ்வளவுதான்."

அடுத்த மாதமே மீண்டும் விழுந்தேன், லீவர் திரும்பிக்கொண்டது, கையால் தட்டி நேராக்கிவிட்டு ஓட்டினேன். ஹேண்ட் கார்டு பற்றிய என் தெளிவும் அதன் பிறகே வந்தது. பிளாஸ்டிக்கால் மட்டும் ஆனவை குளிர்காற்றையும் முள்செடியையும் தடுக்குமே தவிர, விழும்போது லீவரைக் காப்பாற்றாது. உள்ளே அலுமினியப் பட்டை ஓடி, பாரின் நுனியிலும் நடுப்பகுதியிலுமாக இரண்டு இடங்களில் பூட்டப்படுவதைத்தான் வாங்க வேண்டும். நான் இணையத்தில் மலிவாக வாங்கிய முதல் ஜோடி ஒரே இடத்தில் பூட்டுவது. ஒரு விழுதலில் சுழன்று பிரேக் லீவரையே அமுக்கிக்கொண்டு நின்றது. அதன் விலையான எண்ணூறு ரூபாயை அழகுக்குச் செய்த செலவு என்று எழுதிக் கழித்துவிட்டேன்.

கிராஷ் கார்டு விஷயத்தில் நண்பர்களுக்கும் எனக்கும் இன்றுவரை உடன்பாடு இல்லை. நெடுஞ்சாலையில் மட்டும் போகிறவருக்கு அகலமான காப்புக் கம்பி நல்லதுதான். கல்லும் வேரும் நெருங்கிய பாதையில் வண்டியின் அகலம் கூடக் கூட அது எதிலாவது மாட்டும். பலமாக அடிபட்டால் அந்த அடி முழுவதும் கம்பியைப் பிடித்திருக்கும் போல்ட் வழியாகச் சட்டகத்துக்குப் போகும். ஆகவே எஞ்சினை ஒட்டி வளைந்திருக்கும் குறுகிய கம்பியைத் தேர்ந்தேன். அடித்தட்டை மாற்றவில்லை. அதற்கும் எஞ்சினுக்கும் நடுவே அப்பிக்கொள்ளும் மண்ணை ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் குச்சியால் நோண்டி எடுக்கிறேன். அந்த மண் காய்ந்து கட்டியாகிவிட்டால் ஈரம் உள்ளே தங்கும், போல்ட் துருவேறும்.

டயர்தான் எல்லாவற்றிலும் பெரிய மாற்றம். என்றாலும் புது டயரைக் கழற்றி எறிய மனம் வராமல், உடன் வந்தது தேயும்வரை பொறுத்தேன். பிறகு தாருக்குப் பாதி, மண்ணுக்குப் பாதி என்று சொல்லும் கட்டைப்பல் டயருக்கு மாறினேன். ஈரச் செம்மண்ணில் முன்சக்கரம் சொன்னபடி கேட்பது அன்றுதான் முதல்முறை. அதற்கு விலையும் உண்டு: தார்ச் சாலையில் ஓயாத ஓர் உறுமல் கேட்கும், நனைந்த தாரில் பிரேக் பிடித்தால் வண்டி நிற்கும் தூரம் கூடும், டயரும் சீக்கிரம் தேயும். வாரம் முழுவதும் அலுவலகம், மாதம் ஒரு நாள் மலை என்று இருப்பவருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கம்பிச் சக்கரம் என்பதால் டயருக்குள் டியூப் இருக்கிறது. மண்ணில் பிடிப்பு வேண்டுமென்று காற்றை மிகவும் குறைத்தால், கல்லில் மோதும்போது டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கி, பாம்பு கடித்தாற்போல் இரண்டு ஓட்டைகள் விழும். நான் காற்றழுத்தத்தை 20 பி.எஸ்.ஐ.க்குக் கீழே இறக்குவதில்லை. தாரில் ஏறியதும் கையடிப் பம்பால் மீண்டும் ஏற்றிவிடுகிறேன். சிற்றூர்ப் பஞ்சர் கடையில் 17, 18 அங்குல டியூப் கிடைக்கும். 21 அங்குலம் கேட்டால் கடைக்காரர் வண்டியைச் சுற்றி வந்து பார்ப்பார். எனவே நான் தூக்கிச் செல்லும் ஒரே மாற்று டியூப் 21 அங்குலம். பின்சக்கரம் பஞ்சரானாலும் அவசரத்துக்கு அதையே சற்று மடக்கித் திணித்து ஊர்வரை மெதுவாக வந்துவிடலாம். 18 அங்குல டியூபை முன்சக்கரத்துக்கு இழுத்து மாட்டுவது அவ்வளவு எளிதன்று. டயரை நெம்பிக் கழற்றும் டயர் லீவர் இரண்டு, ஒட்டுப் பசை, அச்சாணியின் நட்டைக் கழற்றும் அளவான ஸ்பேனர், அந்தப் பம்ப் என எல்லாம் சேர்ந்து இரண்டு கிலோவுக்குள் அடங்கும். கருவியை வாங்கியவர் வீட்டு வாசலில் ஒருமுறையாவது டயரைக் கழற்றி மாட்டிப் பார்த்துவிட வேண்டும். எனக்கு முதல்முறை ஒன்றரை மணி நேரம் ஆனது. அதிலும் லீவர் நுனியால் புது டியூபையே குத்திவிட்டேன். நல்லவேளை, பார்த்தது வீட்டில் உள்ளவர்கள் மட்டுமே.

செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டில் விளையாடிப் பார்த்ததையும் சொல்ல வேண்டும். இந்த வண்டியில் முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல்லைக் குறைப்பது, பின்னால் ஏறத்தாழ மூன்று பற்களைக் கூட்டுவதற்குச் சமம். செலவு சில நூறு ரூபாய்தான். எழுபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைச் சாலையில் அந்த ஒரு பல் தேனாக இனித்தது; திருப்பத்துக்குத் திருப்பம் முதல் கியருக்கு இறங்கும் வேலை குறைந்தது. மறுவாரம் சேலத்திலிருந்து சென்னைக்குப் போனபோது, அதே வேகத்துக்கு எஞ்சின் எட்டு விழுக்காடு கூடுதலாகச் சுழன்று, உளுந்தூர்பேட்டைக்குள் உள்ளங்கை மரத்துவிட்டது. திரும்பி வந்ததும் பழைய ஸ்ப்ராக்கெட்டையே மாட்டினேன்.

ஹீரோ நிறுவனமே விற்கும் ராலி கிட் முன்பக்க சஸ்பென்ஷனை 250 மி.மீ. ஆகவும் பின்பக்கத்தை 220 மி.மீ. ஆகவும் உயர்த்துகிறது. பந்தயத்துக்குப் போகிறவர்களுக்கு அது அருமையான பொருள். இருக்கையும் அதனோடு சேர்ந்து உயரும். ஐந்தடி ஆறங்குலம் உயரமுள்ள நான், சரிவில் நிற்கும்போது ஒரு காலாவது முழுதாக ஊன்ற வேண்டும் என்று நினைப்பவன். ஆகவே அந்த ஆசையை எளிதாக விட்டுவிட்டேன்.

விளக்கு விஷயத்தில் அவசரப்பட்டேன். அந்தி மூட்டத்தில் மலை இறங்கும்போது ஓரம் தெரியவில்லை என்ற குறிப்பு மூன்று முறை ஏறியதும், தலைக்கு 20 வாட் கொண்ட இரண்டு மஞ்சள் விளக்குகளை ஒரு கடையில் பூட்டச் சொன்னேன். 40 வாட்டை 12 வோல்ட்டால் வகுத்தால் மூன்றரை ஆம்பியருக்கு உள்ளேதான், வண்டி தாங்கும். கடைக்காரர் தனி ரிலேயும் (மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) ஃபியூஸும் வைக்காமல், வண்டியின் வயரையே நடுவில் சீவி இன்சுலேஷன் டேப் சுற்றி இணைத்துவிட்டார். இரண்டாவது மழையில் அந்த முடிச்சுக்குள் தண்ணீர் புகுந்து வண்டியின் ஃபியூஸ் போய், ஹார்னும் இண்டிகேட்டரும் சேர்ந்து அணைந்தன. பிறகு பேட்டரியிலிருந்து நேராக 5 ஆம்பியர் ஃபியூஸ், ரிலே, தனி வயர், நீர் புகாத இணைப்பான் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து நானே மாற்றினேன். ஊருக்குள் அந்த விளக்குகளை உறையிட்டு மூடி வைக்கிறேன். எதிரில் வருகிறவரின் கண்ணைக் குருடாக்கி நமக்குப் பாதை தெரிய வேண்டியதில்லை.

சைலன்சரை மாற்றவில்லை, மாற்றவும் மாட்டேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது; 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டில் வந்த திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் தண்டம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்று வைத்தது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். கல்வராயன் மலையில் ஒரு வீட்டு வாசலில் தூங்கும் குழந்தையை எழுப்பிக்கொண்டு போகும் வண்டிக்கு அந்தப் பாதையில் அடுத்த முறை வரவேற்பு இருக்காது.

பெட்டிகளுக்குப் பதிலாக, இருக்கையின் மேல் குறுக்கே போட்டு இரு பக்கமும் தொங்கும் துணிப் பைகளை வாங்கினேன். விழும்போது காலை நசுக்காது என்பது முதல் காரணம். பின்பெட்டியின் எடை பின் அச்சுக்கும் பின்னால் உட்கார்ந்து முன்சக்கரத்தை லேசாக்கிவிடும். மண்ணில் திருப்பும்போது முன்சக்கரத்தின் மேல் பாரம் இல்லாவிட்டால் அது எளிதில் வழுக்கும்.

சைடு ஸ்டாண்டின் பாதத்தை அகலமாக்கும் தட்டுக்குக் கடையில் ஆயிரம் ரூபாய் கேட்டார்கள். ஒரு பழைய டப்பாவின் மூடியைத் தட்டித் தட்டையாக்கி, நூல் கட்டி, டேங்க் பையில் போட்டிருக்கிறேன். ஈர மண்ணில் நிறுத்தும்போது மூடியைக் கீழே போட்டு அதன் மேல் ஸ்டாண்டை வைக்கிறேன். கிளம்பும்போது நூலைப் பிடித்து இழுத்தால் கைக்கு வந்துவிடுகிறது. இதுவரை இரண்டு மூடிகளை எடுக்க மறந்து மலையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

வண்டி இப்போது ஐயாயிரத்து முந்நூறு கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. குறிப்பேட்டில் அடிக்கப்படாமல் மிஞ்சியிருப்பது ஒரு வரிதான்: இருநூறு கிலோமீட்டருக்கு மேல் உட்கார்ந்தால் தொடை எலும்பு வலிக்கிறது. சீட் தைக்கிறவர் நுரையை மாற்றித் தருகிறேன் என்கிறார். ஐப்பசி மழை ஓய்ந்ததும் வண்டியை அவரிடம் விட வேண்டும்.