மரவள்ளி மாவு: துருவலை உடனே காயப்போடாதீர்கள்

ஒருவழியாக மரவள்ளி மாவில் புட்டு உதிரியாக வந்துவிட்டது. கசப்பு இல்லை, புளித்த வாடை இல்லை, குழாயிலிருந்து தள்ளினால் உடையாமல் விழுகிறது. தோல் சீவுவது, நடு நரம்பை உருவுவது, நீலக்கோடு ஓடிய கிழங்கை ஒதுக்குவதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், விட்டுவிடுகிறேன். நான் மண்டையை உடைத்துக்கொண்டது துருவலுக்கும் வெயிலுக்கும் நடுவில் இருக்கிற நேரத்தில்தான்.

கிழங்கில் சயனைடைப் பொதிந்து வைத்திருக்கிற லினமரின் ஒரு பக்கம், அதை உடைக்கிற லினமரேஸ் நொதி இன்னொரு பக்கம். துருவி, இடித்து, நசுக்கினால்தான் இரண்டும் கலக்கும், சயனைடு வெளியே வரும். அப்படி வருகிற ஹைட்ரஜன் சயனைடு 26 டிகிரியிலேயே கொதிக்கிற பொருள், மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் வெக்கையில் தானாகப் பறந்துவிடும். ஆனால் நொதி வேலை செய்ய ஈரம் வேண்டும், அதிகச் சூடும் ஆகாது. துண்டு போட்டு நேரே கொதிநீரில் போட்டால் நொதி முதலில் செத்துப்போகும், மிச்ச லினமரின் தண்ணீரில் கரைந்து இறங்கினால்தான் உண்டு. அதனால்தான் அவிக்கிறவர்கள் சின்னத் துண்டாக வெட்டி, நிறையத் தண்ணீர் வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். வடிக்காமல் குழம்பிலேயே வேகவைக்கிற ஆட்கள் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள், சொன்னால் கேட்பதில்லை. சயனைடு குறைந்த தித்திப்பு ரகம் என்பதால் பிழைத்துப் போகிறது.

காயவைப்பதிலும் இதே கதைதான். மெல்லிசாகச் சீவினால் சீக்கிரம் காயும் என்று ஆளாளுக்கு யோசனை சொல்வார்கள். சீக்கிரம் காய்வதுதான் தொல்லையே! ஈரம் போன நிமிடம் நொதி கையைக் கட்டிக்கொள்ளும். கொஞ்சம் கனமான சில்லு மெதுவாகக் காய்வதால் அதில் சயனைடு குறைவாகவே மிஞ்சும். ஈப்போ நண்பர் ஒருவர் மின்சார உலர்த்தி வாங்கி வைத்துக்கொண்டு அதையே பெருமையாகப் பேசுகிறார், அவருக்கு இதைப் புரியவைக்க என்னால் முடியவில்லை.

சரி, மாவு அரைத்தாகிவிட்டது, அப்புறம்? இங்கேதான் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் ஹோவர்ட் பிராட்பரி சொன்ன, நொதிக்கு மறுபடி ஈரம் கொடுக்கிற நனைக்கும் முறை கைகொடுத்தது. சட்டியில் மாவைப் போட்டு அதன் மட்டத்துக்கு ஒரு கோடு கிழியுங்கள். தண்ணீர் விட்டுக் கிளறினால் மட்டம் முதலில் இறங்கும், மறுபடி கோட்டைத் தொடும்வரை விட்டுக்கொண்டே வாருங்கள். அளவு கரண்டியே வேண்டாம், இந்தக் கோடு போதும், எனக்கு மிகவும் பிடித்துப்போன உத்தி இது. பிறகு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் போகாமல் பரப்பி, வெயிலில் 2 மணி நேரம் அல்லது நிழலில் 5 மணி நேரம். மதியம் மூன்றானால் மழை கொட்டுகிற ஊரில் வெயிலை நம்ப முடியாது, நான் கார் போர்ச்சில் நிழல் கணக்குதான். தடிமன் பார்க்க ஐஸ்கிரீம் குச்சியில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். கசப்பு ரகங்களை நம்பி வாழ்கிற மொசாம்பிக் பக்கம் கொன்சோ என்ற கால் முடக்க நோயைத் தடுக்கக் கற்றுக்கொடுத்த முறை இது. மாவுக்குச் சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் வைத்திருக்கிற சயனைடு வரம்பு கிலோவுக்கு 10 மில்லிகிராம். வீட்டில் அளந்து பார்க்க என்னிடம் கருவி இல்லை, அதனால் நேரத்தில் கஞ்சத்தனம் பண்ணுவதில்லை.

இத்தனையும் செய்தால் சத்து என்ன ஆகும் என்று மனைவி கேட்டாள், நியாயமான கேள்வி. பச்சைக் கிழங்கில் 100 கிராமுக்கு வைட்டமின் சி 20 மில்லிகிராம் அளவுக்கு இருக்கும், புரதம் ஒன்றரை கிராம்கூட வராது. பிழிந்து, காயவைத்து, வறுத்தால் அந்த வைட்டமின் பெரும்பகுதி காலி, பிழிந்த தண்ணீரோடு தாது உப்பும் கொஞ்சம் போகும். மிஞ்சுவது மாவுச்சத்து. உடம்பு சயனைடைக் கழித்துக்கட்டக் கந்தகம் உள்ள அமினோ அமிலங்களைக் கேட்கும், கிழங்கில் அது குறைவு, மீனில் உண்டு. தோட்டத்து லயன் வீட்டுப் பாட்டிகள் அவித்த கிழங்கோடு நெத்திலி சம்பல் வைத்தது நாக்குக்காக மட்டுமே என்று இனி சொல்லமாட்டேன். ஜப்பான்காரன் மலாயாவை ஆண்ட காலத்தில் வெறும் கிழங்கிலேயே நாளை ஓட்டிய தோட்டங்களின் நிலைமையை நினைத்துப் பாருங்கள்.

கிழங்குக்குப் பாசார் (சந்தை) பக்கம் போவதை விட்டுவிட்டேன், என்றைக்குப் பிடுங்கியது என்று கேட்டால் அங்கே ஒழுங்கான பதில் வராது. செம்பனைக் கன்றுகளுக்கு நடுவே நட்டிருக்கிற ஒரு அண்ணன் சொன்ன நாளில் பிடுங்கித் தருகிறார், மண்ணோடு. தேங்காய் துருவும் கடைக்காரர்தான் கிழங்கைக் கண்டாலே முகத்தைத் திருப்புகிறார், பல் மழுங்கிவிடுமாம்.

அடைக்கு இந்த மாவு சரிப்படுமா என்று இன்னும் பார்க்கவில்லை, அதற்குள் மனசு காரி என்கிற பண்டத்துக்குப் போய்விட்டது. மேற்கு ஆப்பிரிக்காவில் துருவலைப் புளிக்கவைத்து, பிழிந்து, சட்டியில் வறுத்து எடுப்பார்களே, அதுதான். சாக்கில் கட்டி ஜாக்கி வைத்து நசுக்குகிறார்கள் அங்கே, அம்மிக்கல்லைத் தூக்கி வைத்து எனக்கு இடுப்பு போய்விட்டது. மரவள்ளித் தளிரையும் இடித்து அவிக்க வேண்டும், புரதம் அதில்தான், அதிலும் சயனைடு உண்டு. பழைய லாரி ஜாக்கி சும்மா கிடந்தால் யாராவது சொல்லுங்கள், துருப்பிடித்திருந்தாலும் பரவாயில்லை, எண்ணெய் மட்டும் ஒழுகக்கூடாது.