மூன்று செவ்வாய்

மே 8, வியாழன்
அம்மா தேநீர் போடக் குசினிக்குள் போன பிறகுதான் மருத்துவமாது வாய் திறந்தார்: "உங்கட இரத்தத்தை இன்னொருக்காப் பார்க்க வேணும் மகள், நாளைக்கே பாலியல் நோய் கிளினிக்குக்குப் போங்கோ."

மே 9
அங்கே பெயர் சொல்லி அழைப்பதில்லை, இலக்கம்தான். வி.டி.ஆர்.எல். என்ற இரத்தச் சோதனையில் 1:16, நோய் இருக்கலாம் என்று அர்த்தமாம். கர்ப்ப காலத்தில் அச்சோதனை சில வேளைகளில் பொய்யாகவும் காட்டுமாம். அதனால் உறுதிப்படுத்த மறுபடி இரத்தம் எடுத்தார்கள். கல்லடிப் பாலம் வரையும் 'பொய்' என்ற சொல்லையே பிடித்துக்கொண்டு வந்தேன்.

மே 12
பொய்யில்லை. சிபிலிஸ்.

மே 13, செவ்வாய்
பால் போலத் தடித்த பென்சிலின். தாதி அதைக் குலுக்கிக் குலுக்கி, இடுப்புக்குக் கீழே பக்கத்துக்குப் பன்னிரண்டு இலட்சம் அலகாக இரண்டு ஊசிகளில் ஏற்றினார். இன்னும் இரண்டு செவ்வாய்க்கிழமைகள் வரவேண்டும். ஒன்று தவறினாலும் முதலிலிருந்து தொடங்கவேண்டுமாம். சாதகத்தில் இல்லாத செவ்வாய் தோஷம் இப்போது பிடித்திருக்கிறது.
இரவு காய்ச்சல். கிருமிகள் சாகும்போது அப்படிக் காயலாம் என்று வைத்தியர் முன்பே சொல்லியிருந்தார். அம்மா கொத்தமல்லி அவித்துத் தந்தார்.

மே 16
கணவரிடம் சொல்லிவிட்டேன். "எனக்கொண்டும் இல்லையே" என்றார். நெடுநேரம் கழித்து, சவூதியில் இருந்தபோது வலியில்லாத புண்ணொன்று வந்து தானாகவே காய்ந்துபோனதாகச் சொன்னார். புண் ஆறினாலும் நோய் இரத்தத்தில் தங்கியிருக்கும் என்று கிளினிக்கில் கேட்டதை நான் அப்படியே ஒப்புவித்தேன், கோபப்படக்கூட மறந்துவிட்டேன். அவரும் மருந்தேற்றாவிட்டால் எனக்கு மறுபடி தொற்றும். தந்தனுப்பிய ஆணுறைகள் இலக்க அட்டையோடு சீலைகளுக்கு அடியில் கிடக்கின்றன.

மே 20, செவ்வாய்
இரண்டாவது. கடும் மழை, பேருந்து தாமதம், ஆனாலும் போய்விட்டேன்.

மே 24
பிள்ளை அசைகிறது. சிகிச்சையில்லாவிட்டால் கரு கலையலாம், இறந்தே பிறக்கலாம் என்று வாசித்ததை மறக்க முடியவில்லை. தாயிடமிருந்து பிள்ளைக்கு இந்நோயும் எச்.ஐ.வி.யும் தொற்றுவதை ஒழித்த நாடென்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றளித்ததாம். அந்தச் சான்று என் வயிற்றுக்கும் செல்லுமா? பென்சிலின் பிள்ளையையும் சென்றடையும் என்று வைத்தியர் சொன்னதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

மே 27, செவ்வாய்
மூன்றாவது. நொண்டி நொண்டி வந்தேன். இனி அந்தப் பதினாறு குறைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

ஜூன் 3, செவ்வாய்
கண்ணகி அம்மன் கோயிலுக்கு வரவில்லையா என்று அம்மா இரண்டு முறை கேட்டுவிட்டார். கணவர் காலையிலேயே கிளினிக்குக்கென்று புறப்பட்டார். பத்து மணிக்கு அழைத்து, பாலத்தடியில் நிற்பதாகச் சொன்னார். இப்போது மூன்றேகால்.