மூச்சு விடும் இடம்

துணி மடித்துக்கொண்டிருந்தேன். காதில் 'செண்ட் இன் த கிளவுன்ஸ்'. எத்தனையோ முறை கேட்ட பாட்டு. இன்றுதான், இரண்டு வரிகளுக்கு நடுவே பாடகி மூச்சை இழுக்கும் ஒலி கேட்டது.

கையிலிருந்த சட்டையை அப்படியே வைத்துவிட்டு முதலிலிருந்து போட்டேன்.

1973இல் 'எ லிட்டில் நைட் மியூசிக்' என்ற இசை நாடகத்துக்காக ஸ்டீபன் சோண்ட்ஹைம் எழுதியது. மேடையில் முதலில் பாடிய கிளினிஸ் ஜான்ஸுக்கு அழகான குரல், ஆனால் சுரத்தை நீட்டிப் பிடிக்க வராது. அதனால் வரிகளைச் சின்னச் சின்னக் கேள்விகளாக நறுக்கினார் சோண்ட்ஹைம்.

கதையில், காலம் கடந்து காதலைக் கேட்டு, மறுக்கப்பட்ட ஒரு நடிகை இதைப் பாடுகிறாள். அந்த நேரத்தில் யாரால் நீளமாகப் பேச முடியும்? குரலின் எல்லையே அவளுடைய தவிப்பாகிவிட்டது.

'ஓல் மேன் ரிவர்' பாட்டையும் இப்படித்தான் விடாமல் கேட்பேன். 1927இல் 'ஷோ போட்' நாடகத்தில் வந்தது. அமெரிக்கப் பாடகர் பால் ரோப்சன் பின்னாளில் தன் கச்சேரிகளில் அதன் சொற்களை மாற்றினார். வாழ்ந்து களைத்தவனின் புலம்பல், சாகும்வரை போராடுவேன் என்ற சூளுரையானது. பழைய சொற்களோடும் புதிய சொற்களோடும் அடுத்தடுத்துக் கேளுங்கள். மெட்டு அதேதான், பாடுகிறவன் நிமிர்ந்து நிற்கிறான்.

நாடகப் பாட்டு ஒரு மனிதருக்காக, கதையின் ஒரு கணத்துக்காகப் பிறக்கிறது. நாடகத்தைப் பார்க்காதவர்களுக்கும் அந்த மனிதரின் குரல் கேட்கிறது.

சட்டை இன்னும் மடிக்கப்படவில்லை. பாட்டு மூன்றாம் முறை ஓடுகிறது.