மூளை ஸ்கேனுக்குப் போனால் முதுகுக் கம்பிக்குக் கணக்குக் கேட்கிறார்கள்

தண்டுவடக் காயம் பட்டுப் பல வருடங்கள் ஆனவர்களின் மூளையில் என்ன மாறுகிறது என்று பார்க்கும் ஓர் ஆய்வுக்குப் பெயர் கொடுத்திருந்தேன். ஒப்புதல் படிவம், நரம்புப் பரிசோதனை எல்லாம் சுலபமாக முடிந்தன. எம்ஆர்ஐ அறை வாசலில்தான் மாட்டிக்கொண்டேன்.

முதுகில் வைத்த கம்பியும் திருகும் என்ன உலோகம் என்று எழுத்தில் வேண்டுமாம். டைட்டானியம் என்று வாயால் சொன்னது எடுபடவில்லை; அன்று ஸ்கேன் எடுக்காமலே திரும்பினேன். அறுவை செய்த இடத்தின் பதிவறையில் ஒருவர் அவ்வளவு பழைய கோப்பு இருக்காது என்றார், இன்னொருவர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார். விடாமல் நச்சரித்து அறுவைக் குறிப்பின் நகலை வாங்கினேன். ஸ்கேன் எடுக்கும் எண்ணம் இல்லாதவர்களும் இதை இப்போதே வாங்கி வையுங்கள். தசை இறுக்கத்துக்கான மருந்தைத் தண்டுவடத்தைச் சுற்றிச் செலுத்த உடம்புக்குள் வைக்கும் பேக்லோஃபென் பம்ப் உள்ளவர்கள் தேதி குறிக்கும்போதே சொல்லிவிடுங்கள். காந்தத்துக்குள் பம்ப் தற்காலிகமாக நின்றுவிடலாம். வெளியே வந்ததும் அது மறுபடி ஓடுகிறதா என்று சோதிக்க ஆள் வேண்டும்.

அப்புறம் டெக்னீஷியன். "உடம்பு எங்காவது சுட்டால் இந்தப் பந்தை அழுத்துங்க" என்றார். மார்புக்குக் கீழே எனக்குச் சூடே தெரியாதே! தொடையோடு தொடையோ, கையோடு இடுப்போ ஒட்டிக் கிடந்தால் உடம்பே ஒரு வளையம்போல் ஆகி, அதில் மின்னோட்டம் பாய்ந்து தோல் பொசுங்கலாம். நடுவில் வைக்கத் திண்டு கேட்டு வாங்கினேன். குதிகாலுக்கு அடியிலும் ஒன்று. சிறுநீரை முன்பே கதீட்டர் போட்டு வெளியேற்றியிருந்தேன். டி6 (தண்டுவடத்தின் மார்புப் பகுதியில் ஆறாவது மட்டம்) அல்லது அதற்கு மேல் காயம் உள்ளவர்கள் இதில் அசட்டையாக இருக்கவே கூடாது. சிறுநீர்ப்பை நிறைந்தாலே ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறிவிடும்.

நடுவில் கால் தானாகத் துடித்ததில் ஒரு படம் கலங்கி, திரும்ப எடுத்தார்கள். அதன்பின் கால்விரலை அசைக்க முயலச் சொன்னார்கள். கற்பனை செய்தால் போதாது, நிஜமாகவே முயல வேண்டுமாம். விரல் அசையவில்லை. ஆனால் பிறகு காட்டிய படத்தில், இயக்கப் புறணியில், அதாவது அசைவுகளை ஆளும் மூளையின் மேலடுக்கில், காலுக்கு உரிய இடம் வேலை செய்திருந்தது! இத்தனை வருடம் கழித்தும்! அன்று முழுக்க வீட்டில் இதே பேச்சுதான்.

இப்படிக் காயம்பட்டவர்களிடம் புறணியின் சில பகுதிகள் மெலிவதையும், கைக்கு உரிய இடம் காலின் இடத்தை நோக்கி நகர்வதையும் சில ஆய்வுகள் கண்டிருக்கின்றன. எல்லா ஆய்வும் ஒத்துப்போவதில்லை. அதுவும் பலரின் படங்களைச் சேர்த்து அளந்தால்தான் தெரிகிற மாற்றம். என் ரிப்போர்ட்டில் 'இயல்பு' என்றுதான் இருந்தது. என் நரம்பு வலிக்குக் காரணம் தெரியுமா என்று கேட்டேன், ஒரே ஒருவரின் படத்தை வைத்துச் சொல்ல முடியாது என்றார்கள். அந்த எதிர்பார்ப்போடு போகாதீர்கள்.

அந்த ஆய்வின் படிவத்தில் இப்போது 'உணர்வில்லாத பகுதிகள்' என்று புதிதாக ஒரு கட்டம் இருக்கிறது. கேட்டுக் கேட்டு நான் சேர்க்க வைத்தது.