63-ஆம் பக்கம்

சீனியரிடம் சேர்ந்த முதல் வருடம் எனக்குக் கிடைத்த வேலை, பக்கம் புரட்டுவது. என்.எஸ்.ஏ.விலோ (தேசியப் பாதுகாப்புச் சட்டம்) குண்டாஸிலோ (குண்டர் தடுப்புச் சட்டம்) விசாரணை இல்லாமல் ஒருவரை உள்ளே வைத்தால், தடுப்புக் காவலுக்கான காரணங்களோடு எஃப்.ஐ.ஆர்., ரிமாண்ட் உத்தரவு, வாக்குமூலங்கள் எல்லாவற்றையும் நகலெடுத்து அவர் கையில் கொடுத்தாக வேண்டும். நாங்கள் அதை புக்லெட் என்போம். அந்தக் காவலை எதிர்த்து நீதிமன்றத்தில் போடும் ஆட்கொணர்வு ரிட் மனுவுக்கு உயிர் அதில்தான்.

அப்படி ஒரு புக்லெட்டை மஞ்சப்பையில் வைத்து ஓர் அம்மா கொண்டுவந்தார். கணவர் புழல் சிறையில், என்.எஸ்.ஏ.வில். குற்றச்சாட்டு லேசானது இல்லை. நான் ஆர்வக்கோளாறில் தனிமனித சுதந்திரம் பற்றி நாலு பக்கம் எழுதிக்கொண்டு போனேன். சீனியர் ஓரமாக வைத்துவிட்டார். "1980-ல வந்த சட்டம்ப்பா. ஏ.கே. ராய் கேஸ்லயே சுப்ரீம் கோர்ட் செல்லும்னு சொல்லியாச்சு. நீ பக்கத்தைப் பாரு."

காவலுக்குப் போதுமான காரணம் இருக்கிறதா என்று பார்க்கும் அறிவுரைக் குழுவின் விசாரணைக்கு நீங்களும் வருவீர்களா என்று அந்த அம்மா கேட்டார். வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை அங்கே இல்லை. வக்கீல் அல்லாத நண்பர் ஒருவர் உதவிக்கு நிற்கலாம், அதுவும் அதே ராய் தீர்ப்பு தந்த சலுகை. ஒரு வருடம் வரை உள்ளே வைக்கக்கூடிய உத்தரவுக்கு எதிராகப் பேச, ஷேர் ஆட்டோ ஓட்டும் மைத்துனர் போனார். நான் வெளியே நின்றேன். "பேசறதுக்குள்ள முடிஞ்சுடுச்சு சார்" என்றார்.

இந்த உத்தரவு பெரும்பாலும் ஏற்கெனவே ரிமாண்டில் இருப்பவர் மேல்தான் விழும். ஜாமீனில் வந்துவிடுவார் என்பது காரணம். இதே மாதிரி வழக்குகளில் ஜாமீன் கிடைத்திருக்கிறது என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் போதாது, எந்த வழக்கு, எந்தத் தேதி என்று காட்டு என 2011-ல் ரேகா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது தமிழ்நாட்டிலிருந்து போன குண்டாஸ் வழக்குதான். அதற்கப்புறமும் அந்த வாக்கியம் புக்லெட்டுகளில் வந்துகொண்டுதான் இருந்தது.

அரசுத் தரப்பு நண்பர் ஒருநாள் கேன்டீனில் கேட்டார்: "சாட்சி சொன்னவன் அதே தெருவுலதான குடியிருக்கான்? அவனுக்கு யாரு ரிட் போடுவா?" நான் டீயைக் குடித்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் அதற்கு என்னிடம் சரியான பதில் இல்லை.

63-ஆம் பக்கம் ரிமாண்ட் நீட்டிப்பு உத்தரவு. ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்ததில் நீதிமன்ற முத்திரை கரித்துண்டு மாதிரி இருந்தது. தேதியைப் படிக்க முடியவில்லை. தமிழ் மொழிபெயர்ப்பும் இல்லை. அவருக்கோ தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும். தனக்கு எதிரான காகிதத்தையே படிக்க முடியாதவர் அரசமைப்புச் சட்டத்தின் 22(5) தரும் உரிமைப்படி அரசுக்கு எப்படி மனுக்கொடுப்பார்? அந்த ஒரே பாயின்ட்டில் உத்தரவு ரத்தானது. அதற்குள் எட்டாவது மாதம்.

அன்று சாயங்காலம் அந்த அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"அப்ப அவர் மேல தப்பு இல்லைன்னு சொல்லிட்டாங்களா சார்?"

"இல்லம்மா. நகல் சரியில்லைன்னு சொல்லியிருக்காங்க. அந்த கேஸ் தனியா நடக்கும்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், ஜாமீனுக்கு எவ்வளவு செலவாகும் என்று கேட்டார்.