கபடிக்கு ஏழு பேரை எடுக்கும்போது

பொங்கல் கபடிக்கு டீம் எடுக்கும் தம்பிகளே, ஏழு பேரில் அஞ்சு ரைடரை (பாடிப் போறவரை) போடாதீங்க! பாடிப் போறது ஒரு நேரத்தில் ஒருத்தர்தான். எதிராளி வரும்போது எல்லாரும் பிடிக்கணும். முதலில் ரெண்டு கார்னரை, அதாவது ரெண்டு ஓரத்திலும் நின்னு பிடிக்கிறவங்களை, முடிவு பண்ணுங்க. கார்னர் ரைடரோட கணுக்காலைப் பிடித்த நொடியே கவர் (உள்பக்கம் நின்னு பிடிக்கிறவர்) வந்து அடைக்கணும். தாமதித்தால் ரைடர் இழுத்துக்கிட்டே நடுக்கோட்டைத் தொட்டுடுவார், பிடித்தவரும் அவுட். பொறுமையான கார்னருக்கு இன்னொரு மதிப்பும் உண்டு: மூணு பேரோ அதற்குக் குறைவாகவோ நிற்கும்போது பிடித்தால் சூப்பர் டாக்கிள், 2 புள்ளி.

கிரிக்கெட்தான் விறுவிறுப்பு என்பவர்கள் மன்னார்குடிப் பக்கம் ஒரு ஆட்டம் பாருங்க. ஒவ்வொரு 30 விநாடிக்குள்ளும் ஒரு முடிவு!

ஆடுற இடம் சம்பா அறுத்த வயல்னா கட்டியை உடைத்து, வெடிப்பை மணலால் மூடுங்க. கணுக்கால் மடங்குவது அங்கேதான்.