கைதுக் குறிப்பு பாடம்: இரண்டாம் ஆண்டு வகுப்பு

ஆகஸ்ட் 4, 2025

இன்று டி.கே. பாசு வழக்கு. காவல் மரணங்களைத் தடுக்க 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் விதித்த 11 நெறிமுறைகள்: சாட்சி கையெழுத்தோடு கைதுக் குறிப்பு, உறவினருக்கோ நண்பருக்கோ தகவல், காவலில் இருக்கும்வரை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை. எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், "சார், ராத்திரி பைக்கை நிறுத்தும்போது இதையெல்லாம் சொன்னா ரெண்டு அடி கூடத்தானே விழும்?" என்றான். வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 6

அந்தக் கேள்வியைத் தாண்டிப்போக மனம் வரவில்லை. அடுத்த பாடத்தைத் தள்ளிவைத்துவிட்டு சாத்தான்குளத்தை எடுத்தேன். 2020 ஜூன் 19 அன்று, ஊரடங்கு நேரத்தை மீறிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லிப் போலீஸ் பிடித்துக்கொண்டுபோன தந்தையும் மகனும் 23ஆம் தேதிக்குள் இறந்துவிட்டார்கள்.

ஒரு மாணவி எழுந்தாள். "டாக்டர் சான்றிதழ் குடுத்திருக்கார், மாஜிஸ்திரேட் ரிமாண்ட் பண்ணியிருக்கார். காகிதத்துல எல்லாம் சரியாத்தானே சார் இருக்கு?"

எவ்வளவு சரியான கேள்வி! காகிதம் மட்டும் யாரையும் காப்பாற்றாது. கையெழுத்துப் போடுகிறவர் எதிரே நிற்கும் மனிதனின் உடம்பை நிமிர்ந்து பார்க்க வேண்டும். இந்த வழக்கில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாக முன்வந்து விசாரித்தது. கைதான அன்றிரவு நிலையத்தில் பணியிலிருந்த பெண் தலைமைக் காவலர், விசாரிக்க வந்த நீதித்துறை நடுவரிடம் நடந்ததைச் சொன்னார். அந்த இடத்தில் வகுப்பு அசையவில்லை. இவர்களில் சிலர் நாளை காவலராக, டாக்டராக, வக்கீலாகப் போகிறவர்கள். எனக்கு அந்த நினைப்புதான் முக்கியம்.

ஆகஸ்ட் 12

பாசு தீர்ப்பின்படி அந்த நெறிமுறைகளை எல்லாக் காவல் நிலையங்களிலும் கண்ணில் படும்படி வைக்க வேண்டும். குழுவாகப் போய்ப் பார்த்து வரச் சொன்னேன். "பொம்பளப் பிள்ளைய எதுக்கு சார் ஸ்டேஷனுக்கு அனுப்புறீங்க?" என்று ஒரு அம்மா போனில் கேட்டார். அந்தப் பயத்தைத் தப்பென்று சொல்ல மாட்டேன். போக விரும்பாதவர்கள் தகவல் உரிமைச் சட்ட மனு எழுதலாம் என்று மாற்றினேன்.

ஆகஸ்ட் 18

ஒரு நிலையத்தில் பலகை இருக்கிறது, எழுத்து மங்கியிருக்கிறது. இன்னொன்றில் இன்ஸ்பெக்டர் டீ வாங்கிக் கொடுத்து அரை மணி நேரம் பேசியிருக்கிறார். மூன்றாவதில் பலகையே இல்லை; எந்தக் காலேஜ் என்று விசாரித்து போன் நம்பர்களை எழுதிக்கொண்டார்களாம்.

பைக் கேள்வி கேட்டவன் மூன்றாவது குழுவில் இருந்தான். நிலையத்தின் கண்காணிப்புக் கேமராக்கள் வேலை செய்கின்றனவா, பதிவுகளை எத்தனை மாதம் வைத்திருக்கிறார்கள் என்று மனு எழுதி வந்திருக்கிறான். (18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2020 டிசம்பர் தீர்ப்பு.) "எதுக்குக் கேக்குறேன்னு காரணம் எழுதணுமா சார்?" என்றான். தேவையில்லை, தகவல் உரிமைச் சட்டத்தின் 6(2) பிரிவு அப்படித்தான் சொல்கிறது என்றேன். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி நாளை அனுப்புகிறான்.